ரோட்டி ஷெட்டில் ஏர் நின்ற நாள்

எழுதத் தெரியாமல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். மளிகைச் சீட்டும், கட்டிக்கொடுத்த பெண்களுக்குக் கடுதாசியும் எழுதியதோடு சரி. போன பக்கத்தில் என்ன எழுதினேன் என்பதே இந்தப் பக்கம் வரும்போது மறந்துபோகிறது. மீன் வளர்ப்புப் பயிற்சிக்கு வருகிற பெண்கள் முன்னால் வந்து பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பேச வராது, வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

1. முதல் நாள்

1993-ல் சேர்ந்தேன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, வரப்பிலே ஒரு மைல் நடந்தால் அந்த மீன் பண்ணை. விரால் குஞ்சு பொரிக்கவைத்து விற்பார்கள். அதற்கு முன்னால் மல்லாட்டை மில்லில், வேர்க்கடலை உடைக்கிற இடத்தில், இருந்தேன். அங்கே நாள் முழுக்கக் கூச்சல். என் வீட்டுக்காரர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. மூன்று பெண்பிள்ளைகள். கூச்சல் இல்லாத இடத்தில் ஒரு வேலை கிடைத்தால் போதும் என்று இருந்தேன்.

எனக்குக் கொடுத்தது ரோட்டி ஷெட். ரோட்டிஃபர் என்று ஒரு பூச்சி. கண்ணுக்குத் தெரியாது. பிறந்த விரால் குஞ்சுக்கு அதுதான் முதல் சாப்பாடு. அதை சிமெண்ட் தொட்டிகளில் வளர்ப்பார்கள். அந்த ஷெட்டைப் பார்த்துக்கொண்டவள் பச்சையம்மா அக்கா, முகையூர்ப் பக்கத்துக்காரி. என்னைவிடப் பத்து வயசு மூத்தவள்.

"உன் பேரு இன்னாடி?" என்றாள்.

"தனம்."

"ஊருல மழயா?"

தலையை ஆட்டினேன்.

"பேச மாட்டியா? நல்லது. இங்க பேசற வேல இல்ல. இதுங்களுக்குக் காது கெடயாது."

ஓட்டு ஷெட். உள்ளே மங்கல். தொட்டிகளில் பச்சைத் தண்ணீர், பாசித் தண்ணீர். சுவரோரம் ஒரு ஏர் ப்ளோயர் நாள் பூரா ஙொய் என்று ஓடும். அதிலிருந்து குழாய் போய், ஏர் கல் வழியாகத் தொட்டிக்குள் குமிழி விடும். அடுப்பு இல்லாமலே தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருக்கும். ஏர் கல்லைக் கழுவுவது, பாசித் தண்ணீர் ஊற்றுவது, ஈஸ்ட் கரைத்து விடுவது, அறுபது மைக்ரான் துணியில் ரோட்டியை வடிப்பது, இதுதான் வேலை. வடித்தால் துணியில் மாவு மாதிரி ஒட்டும். அந்த மாவு முழுக்க உயிர்.

மத்தியானம் லேப் சார் கூப்பிட்டார். தேவராஜ் என்று பேர். வானூர்க்காரர், விலங்கியல் படித்தவர், என்னைவிடச் சின்னவர். அக்கா என்றுதான் கூப்பிடுவார். "வாங்கக்கா, நீங்க யாருக்குச் சோறு போடறீங்கன்னு பாருங்க" என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டினார்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். கண்ணாடியில் செய்த சொம்பு மாதிரி ஒன்று மிதந்தது. வாயோரத்தில் முள். தலையில் இரண்டு சக்கரம் சுழன்றது. சக்கரம் இல்லை அக்கா, மயிர், அதை ஆட்டித்தான் தண்ணியை வாய்க்குள்ள இழுக்குது என்றார் சார். உள்ளே தாடை அரைப்பது தெரிந்தது. பின்னால் வால் மாதிரி ஒரு கால். அந்தக் காலடியில் ஒரு முட்டை தொங்கியது. தாய்க்குத் தலையில் சிவப்பாக ஒற்றைக் கண். உற்றுப் பார்த்தால் முட்டைக்குள்ளேயும் சிவப்பாக ஒரு கண்.

நான் சட்டென்று பின்னால் வந்துவிட்டேன்.

"அது உங்களப் பார்க்கலக்கா. அதுக்கு வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரியும்" என்று சிரித்தார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்தபோது ஒரு பருக்கையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். பெண்கள் கேட்டார்கள், என்னம்மா பார்க்கிறே என்று. ஒன்றுமில்லை என்றேன்.

2. ஒரே பாக்கியம்

அந்த ஜாதிக்கு பிராக்கியோனஸ் என்று பேர். பச்சையம்மா அக்காவுக்கு அது வாயில் வராது, பாக்கியம் என்பாள். "பாக்கியத்துக்குத் தண்ணி வெச்சியா?" "பாக்கியம் இன்னைக்கு மந்தமா கீறா." நானும் அப்படியே பழகிக்கொண்டேன்.

பாக்கியங்கள் எல்லாம் பெண். தொட்டியில் கோடிக்கணக்கில் இருக்கும், ஒன்றுகூட ஆண் கிடையாது. முட்டையிட ஆண் வேண்டியதில்லை. பிறந்த ஒரு நாளில் வயசுக்கு வந்து முட்டையைக் காலடியில் கட்டிக்கொள்ளும். அடுத்த நாள் அதிலிருந்து மகள் வெளியே வரும். அந்த மகளும் அப்படியே. வாரம் பத்து நாளில் தாய் போய்விடும். பாதி வடித்துக் கழித்த தொட்டி மறுநாள் நிறைந்துவிடும்.

பச்சையம்மா அக்கா என்னைச் சீண்டுவாள். "உன் வூடு மாதிரிதான்டி தனம். ஆம்பள இல்லாம மூணு பொண்ணு வளத்துக்கினு கீற இல்ல?"

"எனக்கு ஆம்பள இருந்துச்சுக்கா" என்றேன்.

"இருந்துச்சின்ற. இதுங்களுக்கு அந்த பேஜாரும் இல்ல."

இதைக் கேட்டுக்கொண்டே ஸ்லைடில் பூச்சி எண்ணிக்கொண்டிருந்த சார், தலையைத் தூக்காமல் ஒரு வார்த்தை சொன்னார். "மகள்னு சொல்றீங்க. அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் கெடையாதுக்கா. அப்படியே இறங்கி வருது. ஒரு விதத்துல பார்த்தா தொட்டியில இருக்கறது ஒரே பொம்பளதான்."

அவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் அது உள்ளே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு தொட்டிக்குள் கையை விடும்போது கோடிப் பேர் நடுவில் விடுகிற மாதிரி இருக்காது. ஒரே ஒருத்தி, சாகாமல், வருஷக்கணக்காகக் கையைத் தொடுகிற மாதிரி இருக்கும்.

3. ஆண் வந்தால்

தொட்டியில் நெரிசல் அதிகமானால் பாக்கியத்தில் சிலது வேறு மாதிரி முட்டை போடும். சின்னச் சின்னதாக, ஒரு கொத்து. அதிலிருந்து ஆண் வரும். தாயில் பாதிகூட இருக்காது. அதற்குச் சாப்பிட வாய் வயிறு எதுவும் கிடையாது என்று சார் சொன்னார். பிறந்ததிலிருந்து ஓடும், ஒரு நாள் ஒன்றரை நாளில் முடிந்துபோகும்.

ஸ்லைடில் ஆண் தெரிந்தால் சார் முகம் மாறிவிடும். "தொட்டி சரியில்லக்கா. ஜல்தியா பாதியக் கழிங்க."

அந்த ஆணோடு சேர்ந்த பெண் போடுகிற முட்டை மூன்றாவது வகை. பழுப்பு நிறம், தோல் தடியாக இருக்கும். மிதக்காது, அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதைத் தூங்குற முட்டை என்போம். தண்ணீர் வற்றினாலும், சேறு காய்ந்து மண்ணானாலும் அது சாகாது. மறுபடியும் நல்ல தண்ணீரும் வெளிச்சமும் வந்தால் எழுந்துகொள்ளும். எழுந்து வருவது பெண்தான்.

தொட்டி கழுவும்போது அடி வண்டலைச் சுரண்டி நிழலில் காயவைக்கச் சொல்லி பச்சையம்மா அக்காவிடம் சார் சொல்லியிருந்தார். அவள் ஒரு தடவையும் தவறியதில்லை. காய்ந்த தூளைப் பேப்பரில் மடித்து ஒரு தகர டப்பாவில் போடுவாள். "தூங்குங்கடி" என்று சொல்லித்தான் மூடி போடுவாள்.

ஒரு ஆடி மாதம் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பதாம் நாள் போய்விட்டாள். ஷெட்டில் அவளுடைய அலமாரித் தட்டில் சீப்பு, கைக்கண்ணாடி, அந்த டப்பா மூன்றும் இருந்தன. ஆயுசு முடியாமல் போனவள் பொருள் என்று யாரும் தொடவில்லை. நானும் அந்தத் தட்டுக்குக் கீழே கூட்டுவேன், மேலே துடைக்க மாட்டேன். அப்படி அஞ்சு வருஷம் போனது. ஷெட் முழுக்க என் பொறுப்பாகிவிட்டது.

4. ஆயுத பூஜை

அந்த அஞ்சாவது வருஷம் முதல் பேட்ச் குஞ்சு வெயிலில் போய்விட்டது. முதலாளி ஷெட்டு வாசலில் நின்று சார் முகத்துக்கு நேராகச் சொன்னார். "அடுத்த பேட்ச்சும் போச்சுன்னா இந்த ஷெட்டை இடிச்சிட்டு கோழிப் பண்ண போட்டுடுவேன். உன் பூச்சியும் வேணாம், மைக்ராஸ்கோப்பும் வேணாம்." ஷெட் போனால் எனக்கு மறுபடியும் மல்லாட்டை மில்தான். பெரியவளுக்கு அப்போதுதான் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது பேட்ச் ஆயுத பூஜை அன்று காலையில் பொரிந்தது. பொரிந்த குஞ்சுக்கு வயிற்றில் மஞ்சள் கரு இருக்கும், மூன்று நாள் அதிலே ஓட்டும். நாலாம் நாள் வாய் திறக்கும்போது ரோட்டி இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று தின்னும், மிச்சம் பட்டினியில் போகும்.

ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினையும் நிறுத்தித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பது பண்ணை வழக்கம். மற்ற வருஷமெல்லாம் பூஜை முடிந்ததுமே மறுபடி போட்டுவிடுவோம். சார் பூஜைக்கு வானூர் போகக் கிளம்பினார். போகும்போது என்னிடம் சொன்னார். "பூஜை முடிஞ்சதும் ப்ளோயரப் போட்டுடுங்கக்கா. அரைமணிக்கு மேல ஏர் இல்லாம தாங்காது."

"சரிங்க சார்" என்றேன்.

உச்சி வேளைக்கு முன்னால் பூஜை முடிந்தது. ப்ளோயர் சுவிட்சுக்கு நான்தான் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைத்தேன். முதலாளியம்மா கற்பூரம் காட்டிவிட்டுச் சொன்னார்கள். "பூஜையில வெச்சத இனிமே யாரும் தொடாதீங்க. நாளைக்குக் காலையில நல்ல நேரத்துல நானே வந்து போடறேன். தொட்டா வருஷம் பூரா வெளங்காது."

நான் அங்கேயே நின்றேன். ரோட்டிக்கு ஏர் வேணுங்கம்மா என்று சொல்ல வேண்டும்.

அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னா தனம், எதுனா கேக்கணுமா?"

"இல்லீங்கம்மா."

"பின்ன ஏன் நிக்கற? பொரி வாங்கிக்கினு போ."

வாங்கிக்கொண்டு போனேன். பூஜைப் பொருளைத் தொடுகிற பயமும் எனக்கு இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் பயத்தைவிட, வாய் திறக்கிற வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலையில் ஷெட்டுக்குப் போனேன். அத்தனை வருஷத்தில் அந்த ஷெட்டு சத்தம் இல்லாமல் நான் பார்த்ததில்லை. தண்ணீர் ஆடாமல் கண்ணாடி மாதிரி நின்றது. அழுகின முட்டை நாற்றம். மேலே ஏடு கட்டியிருந்தது. முதல் தொட்டியில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். வெறும் கண்ணாடிக் கூடுகள். உள்ளே எதுவும் இல்லை, சுத்தமாகக் கழுவி வைத்த மாதிரி. சில கூட்டின் காலடியில் முட்டை அப்படியே தொங்கியது. முட்டைக்குள் சிவப்புக் கண். அது அசையவில்லை. ஆறு தொட்டியும் பார்த்தேன். அந்த ஒருத்தி செத்துப்போயிருந்தாள்.

நல்ல நேரம் பார்த்து முதலாளியம்மா வருவதற்கு முன்னால், எட்டு மணிக்கே சார் வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு, "கரண்ட் போச்சாக்கா?" என்றார்.

தரையைப் பார்த்தேன். அவர் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

கரண்ட் போயிற்று என்று முதலாளியிடமும் சார் சொன்னார், முதலாளி சத்தம் போட்டார். "கரண்ட் போனா ஜெனரேட்டர் போட ஒரு ஆள வைக்க மாட்டியா? படிச்சவன்தானே நீ?" சார் வாங்கிக்கொண்டு நின்றார். மெட்ராஸுக்குப் போன் பண்ணினார், புது ரோட்டி வர நாலு நாள் ஆகும் என்றார்கள். "குளத்துத் தண்ணிய வடிச்சு ஊத்தேன்" என்றார் முதலாளி. "அதுல சைக்ளாப்ஸ்னு ஒரு பூச்சி வரும் சார், குஞ்சக் கடிச்சே கொன்னுடும்" என்றார் சார். பிறகு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

5. டப்பா

உச்சி வெயில். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் பச்சையம்மா அக்காவின் தட்டுக்கு முன்னால் நின்றேன். உச்சி வேளையில் செத்தவள் பொருளைத் தொடக்கூடாது என்று சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன். சீப்பில் அவள் முடி இரண்டு இருந்தது. கைக்கண்ணாடியில் தூசி, அதனால் என் முகம் தெரியவில்லை. டப்பாவை எடுத்தேன். லேசாக இருந்தது.

வாசல்படியில் கொண்டுபோய் வைத்தேன்.

"இதத் தூக்கிப் போட்டுட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார் சார். அவர் குரல் மாறியிருந்தது.

"யாரும் தொடல சார்."

பொட்டலங்களைப் பிரித்தோம். பச்சையம்மா அக்காவுக்கு எழுதத் தெரியாது. எந்தத் தொட்டி வண்டல் என்பதற்கு நூலில் முடிச்சுப் போட்டுக் கட்டுவாள். ஒன்றாம் தொட்டிக்கு ஒரு முடிச்சு, இரண்டுக்கு இரண்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அஞ்சு இருந்தது. அடியில் ஒரு பொட்டலம் ஆறு முடிச்சோடு இருந்தது. நான் இரண்டு தடவை விரலால் தடவி எண்ணினேன். ஆறாவது தொட்டி அவள் போன பிறகு கட்டியது என்றுதான் எனக்கு ஞாபகம். சார் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதையும் பிரித்துக் கொட்டினேன். அதில்தான் தூள் அதிகமாக இருந்தது.

வெள்ளை பேசின்களில் வடிகட்டின கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, தூளைத் தூவி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தோம். எதுவும் தெரியவில்லை. சாயங்காலம் பார்த்தோம், தெரியவில்லை. மறுநாள் காலையிலும் வெறும் சேறு. "காலங்கடந்து போச்சோ என்னவோ" என்றார் சார்.

மத்தியானம் நான் தனியாக மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பழுப்பு முட்டையின் மூடி மெதுவாகத் திறந்தது. டப்பா மூடி மாதிரியே. உள்ளிருந்து ஒன்று நெளிந்து வெளியே வந்தது. சக்கரம் சுழன்றது. சிவப்புக் கண். சற்று நேரம் ஒரே இடத்தில் நின்றது, பிறகு நீந்திப் போனது. பக்கத்தில் இன்னொன்று திறந்தது. அப்புறம் இன்னொன்று.

அஞ்சு வருஷம் முன்னால் படுத்தவை. அவற்றைப் படுக்கவைத்த கை மண்ணாகிப்போயிற்று. அவற்றுக்கு அது ஒரு ராத்திரி. விடிந்தது, எழுந்துவிட்டன. ஷெட்டில் யாரோ என் பின்னால் நின்று பார்க்கிற மாதிரி இருந்தது. திரும்பவில்லை. "எழுந்துட்டாங்கக்கா" என்று மட்டும் சொன்னேன். சாருக்குச் சொன்னேனா, வேறு யாருக்காவது சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. சார் அப்போது ஷெட்டில் இல்லை.

6. பிறகு

நாலாம் நாள் குஞ்சு வாய் திறந்தபோது, பேசின்களிலிருந்து மாற்றின ஒரு தொட்டியில் இளம்பச்சையாக ரோட்டி இருந்தது. போதாது, ஆனாலும் இருந்தது. கரண்டி அளவில் பிரித்துப் பிரித்து ஊற்றினோம். பாதிக்கு மேல் பிழைத்தது. முதலாளி வந்து பார்த்தார். "சரி, ஷெட்டு இருக்கட்டும்" என்றார்.

ஒரு வாரம் கழித்து துணி அலசிக்கொண்டே, சார் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "கரண்ட் போகல சார். நான்தான் ப்ளோயரப் போடல."

"தெரியும்க்கா."

"எப்படி சார்?"

"சுவிட்ச்ல வெச்ச குங்குமம் கலையாம இருந்துச்சு. நான் உள்ள வந்ததுமே பார்த்தேன்."

"அப்ப ஏன் சார் மொதலாளி கிட்ட சொல்லல? உங்களத்தானே திட்டினாரு."

"சொன்னா உங்கள அன்னிக்கே நிறுத்தியிருப்பாரு. நிறுத்தியிருந்தா அந்த டப்பா ஷெட்டுலயே இருக்குன்னு யாரு வந்து சொல்லியிருப்பாங்க?" என்றார். பிறகு ஸ்லைடை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதைப் பற்றி மறுபடியும் அவர் பேசியதில்லை.

நான் தெரிந்துகொண்டது இதுதான். அடுத்த வருஷத்திலிருந்து ப்ளோயர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குப் பூஜை போட்டோம். முதலாளியம்மாவிடம் நானே போய்க் கேட்டேன். "அதுக்கென்னாடி, ஓடட்டும்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்கள். முந்தின வருஷமே கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். வேலைக்கு வருகிற பெண்கள் சொல்ல வேண்டியதை அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. வண்டலைச் சுரண்டி வைக்க மறக்காதீர்கள்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு வரைக்கும் அங்கே இருந்தேன் என்று நினைக்கிறேன். வருஷம் சரியா என்று தெரியவில்லை. ஆண் ஒரு நாளா, ஒன்றரை நாளா, அதையும் படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். தூங்குற முட்டை எத்தனை வருஷம் தாங்கும் என்று ஒரு தடவை சார் இருபது என்றார், இன்னொரு தடவை அதைவிட அதிகம் என்றார். எது சரி என்று எழுதுங்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். அங்கே ஒவ்வொரு தொட்டியின் சுவர்ப் பக்கச் சிமெண்டிலும், கட்டின வருஷத்தை ஈரத்தில் ஆணியால் கீறியிருப்பார்கள். ஆறாவது தொட்டியை எத்தனையோ வருஷம் என் கையாலேதான் கழுவினேன். அந்த ஆறு முடிச்சுப் பொட்டலத்தைப் பார்த்த பிறகும், அந்தப் பக்கம் மட்டும் குனிந்து பார்த்ததில்லை. பண்ணைப் பக்கம் யாராவது போனால் அதில் என்ன வருஷம் போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.